காதில் விழாத வாக்கியம்

போன செவ்வாய்க்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் சட்டென்று தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்...

"ஏங்க! சாவி எங்கிட்ட இருக்கு! வீட்டுக்குள்ள எப்படிப் போவீய?"

கொய்யாப்பழக்காரர் திரும்பினார். கண்டக்டர் திரும்பினார். திரும்ப வேண்டிய புருஷன் மட்டும் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தான். அவள் படபடவென்று இறங்கி ஓடி, தோளைத் தட்டி, அவனுக்கு முன்னால் போய் நின்று, அதே சத்தத்தில் மறுபடி சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். சாவி கைமாறியது.

என் பக்கத்தில் நின்ற பெரிய மனிதர் முகத்தைச் சுளித்தார். "என்ன தொண்டை பாருங்க சார்! வீட்டுல அந்தப் பய பாடு திண்டாட்டம்தான்."

எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். பெயர் கோதை. என் சிநேகிதன் திருவேங்கடத்தின் மகள். சில வருஷங்களுக்கு முன்னால், "அவிய சத்தம் போட்டுப் பேசுதாவ, என்னால அங்கே இருக்க முடியாது" என்று புருஷனை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தவள் இவள்தான் என்று சொன்னால் அந்த மனிதர் நம்புவாரா?

நீங்களாவது நம்புங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

திருவேங்கடத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை. வீடு பின்னால் ஒரு சந்தில். வரிசை வீடுகள். இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இங்கே தும்மினால் அங்கே "நூறு" என்பார்கள். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் மெல்லப் பேசியே பழகியவர்கள். "எங்க வீட்டுல மனுஷங்க குடியிருக்காங்களான்னே பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சந்தேகம்" என்று திருவேங்கடம் பெருமையாகச் சொல்வான்.

அதில் ஒரு விசேஷம். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். அவனுக்கு இறங்கும். கடைப் பையன் துணியைத் தப்பாகக் கிழித்துவிட்டால், முதலாளி கிட்டே போய் ரகசியம் மாதிரி ஏதோ சொல்வார். பையனுக்கு வேர்த்துவிடும். கோதை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மெல்லிய குரலில்தான் அவளுக்கு எல்லாமே... பாசம், கோபம், அழுகை எல்லாம்.

அவளை ராஜபாளையத்தில் குருசாமிக்குக் கொடுத்தார்கள். நூல் மில்லில் நிரந்தர வேலை. பீடி, சிகரெட் கிடையாது. ஒரே பிள்ளை. பொண்ணு பார்க்க வந்த அன்று பெரியவர்களே பேசிக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "ரொம்ப அடக்கமான பையன்" என்று திருவேங்கடம் என்னிடம் சொன்னான்.

கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் ஆடிக்குக் கோதையை அழைத்து வந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு மாப்பிள்ளையும் வந்தார். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்...

"அத்தே! கோதை எங்க?"

வரிசை வீடுகள் அத்தனையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். திருவேங்கடத்தின் மனைவி அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். கோதை தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர் நிலைக்கு வந்தது. மாப்பிள்ளை ஊருக்குப் போனார். ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. கோதை போகவில்லை. கேட்டால் அழுகை. நாலு நாள் கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னாள்.

"அவிய அடிக்கல்லாம் இல்லப்பா. ஆனா எதுக்கெடுத்தாலும் சத்தம். சோறு போடுன்னாலும் சத்தம். நான் என்ன சொன்னாலும் பதில் சொல்ல மாட்டாவ. நான் ஒருத்தி அங்க இருக்கதே அவியளுக்குக் கணக்கில்ல."

ஒரு வாரம் கழித்துத் திருவேங்கடம் என் வீட்டுக்கு வந்தான். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"வக்கீலைப் பாத்துட்டேன்."

எங்கள் ஊரில் பால்கோவாவுக்கு அடுத்தபடியாகச் சுலபமாகக் கிடைப்பவர் வக்கீல். கோர்ட்டே இங்கேதானே இருக்கிறது! நான் பதறிப்போய், "அதுக்கு முன்னால ஒருக்கா நேர்ல போய்க் கேட்டுருவோம்டே" என்றேன். "கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. சொல்லிட்டு வரத்தான் போகணும். நீயும் வா" என்றான்.

போனோம். காலை ஷிப்ட் முடிந்து குருசாமி வெளியே வரும் நேரம். மில் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். சங்கு ஊதியது. தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களில் சிலர் எங்கள் பெஞ்சுக்கு எதிரே நின்று சண்டை போட ஆரம்பித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது, கை ஆடுகிறது. நான் மெல்ல நகர்ந்துகொண்டேன். கைகலப்பானால் நம் வேட்டிக்கல்லவா ஆபத்து?

காதைக் கொடுத்துக் கேட்டால்...

"ஏலே, எனக்கு வடை வேண்டாம்லே! நீயே தின்னு!"

"சும்மா தின்னுலே! காலையிலேர்ந்து வெறும் வயித்தோட நிக்க!"

சண்டை இல்லை. உபசாரம்! எனக்குச் சிரிப்பு வந்தது. திருவேங்கடம் சிரிக்கவில்லை. "காட்டுப் பயலுவ" என்று முணுமுணுத்தான்.

குருசாமி எங்களைப் பார்த்துவிட்டான். "மாமா! வாங்க மாமா! சார், வாங்க!" தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடி வந்து மாமனாரின் பையை வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு முகத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

வீட்டில் அவன் அம்மா. அந்த அம்மாளும் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறையில் தறிகளுக்கு நடுவே காலம் கழித்தவர். அங்கேயும் அதே சத்தம்தான். "வாங்கண்ணே! பிள்ள நல்லாருக்காளா? செத்த நேரம் இருங்க, பாலும் சேவும் வாங்கிட்டு வந்துருதேன்!" என்று தூக்குவாளியோடு கிளம்பிவிட்டார்.

நாங்கள் மூன்று பேர் மட்டும். குருசாமி மாமனாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"கோதைக்கு எம்மேல என்ன கோவம் மாமா?"

திருவேங்கடம் நிமிர்ந்தான்.

"வந்ததுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கா மாமா. வாய் மட்டும் அசையும். வையுதாளா, சாமி கும்பிடுதாளான்னே தெரியாது. நானும் எத்தனையோ மட்டம் கேட்டுப் பாத்துட்டேன். நான் கேக்கக் கேக்க அவ மூஞ்சி சுண்டிப் போகுது. நான் வேண்டாம்னா சொல்லிரச் சொல்லுங்க மாமா. மனசுல வச்சிக்கிட்டு என்னைய இப்படிப் பட்டினி போட வேண்டாம்."

பட்டினி என்றான். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதும் ஊருக்கே கேட்கிற சத்தத்தில்தான். திருவேங்கடத்துக்குப் பட்டினி கேட்கவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. தன் மகள் மேலேயே பழியைத் திருப்புகிறான் என்று நினைத்துவிட்டான்.

குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொண்டாரேன்" என்று எழுந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குடத்திலிருந்து செம்பில் தண்ணீர் சாய்த்தான்.

அப்போதுதான் திருவேங்கடம் சொன்னான். அடிக்குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக...

"எம் பொண்ணு இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டா. வக்கீல் நோட்டீஸ் வரும். உங்களுக்கும் எங்களுக்கும் இன்னையோட முடிஞ்சுது."

முடிந்தது. இனி எத்தனை பேர் வந்து பேசினாலும் ஒட்டாது.

குருசாமி திரும்பினான். கையில் செம்பும் டம்ளர்களும். முகத்தில்... சிரிப்பு!

"குடிங்க மாமா. அம்மா இப்ப வந்துரும்."

திருவேங்கடத்தின் முகம் கறுத்தது. இதைவிட ஒரு அவமானம் உண்டா? உறவையே அறுத்துப் போட்டிருக்கிறான். எதிரே இருப்பவன் சிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கிறான்! எழுந்திருக்கப் போனான். நான் அவன் தொடையை அழுத்திப் பிடித்தேன்.

குருசாமி என் டம்ளரில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். கண் வாசல் பக்கம், அம்மா வருகிறாளா என்று.

"போதும் தம்பி," என்றேன்.

ஊற்றினான்.

"போதும்... போதும்ப்பா!"

டம்ளர் நிறைந்து, வழிந்து, என் மடி நனைந்து, வேட்டி தொப்பலாகிவிட்டது. அப்புறம்தான் குனிந்து பார்த்தான்.

"ஐயையோ! சொல்லியிருக்கலாம்ல சார்?"

"சொன்னேனேப்பா."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான்:

"எப்ப?"

நானும் திருவேங்கடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வருஷக்கணக்காக அந்த மெஷின்களுக்கு நடுவே நின்றவன். அங்கே பக்கத்தில் இருப்பவனுக்கே காதுக்குள் கத்த வேண்டும், இல்லாவிட்டால் சைகை காட்ட வேண்டும். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஒரேயடியாகப் போனால் தெரிந்திருக்கும். தினமும் ஒரு துளி போனால் யாருக்குத் தெரியும்? அவனோடு வேலை பார்க்கிறவர்களும் கத்துகிறார்கள், பெற்ற தாயும் கத்துகிறாள். அதெல்லாம் அவனுக்குக் கேட்கிறது. உலகத்தில் ஒரே ஒருத்திதான் கேட்கவில்லை. அவள் பேசவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"மாமா," என்றான் குருசாமி. "நீங்களும் ஏதாவது சொன்னீயளா?"

எய்த அம்பும் சொன்ன சொல்லும் திரும்பாது என்பார்கள். இங்கே பாருங்கள், சொன்ன சொல் திரும்பி வந்து அந்த அறை நடுவில் நிற்கிறது. "வேண்டுமானால் மறுபடி எய்துகொள், வேண்டாமென்றால் எடுத்து உள்ளே வைத்துக்கொள்" என்கிறது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்?

திருவேங்கடத்தின் கழுத்து நரம்பு புடைத்ததை அன்றுதான் பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினான்.

"ஒண்ணுமில்ல மாப்ளே! காப்பிக்குச் சீனி கம்மியாப் போடச் சொன்னேன்!"

குரல் பழக்கமில்லாமல் கீச்சென்று உடைந்தது. குருசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டுத்தான மாமா!" என்று வாசலுக்குப் போய், தெருமுனையில் வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அங்கிருந்தே செய்தியை ஒலிபரப்பினான். திருவேங்கடம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வேர்வையைத் துடைத்தானா, வேறு எதையாவது துடைத்தானா, எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திருவேங்கடம் பாதி வழிக்குப் பிறகு கேட்டான்.

"நான் அதச் சொன்னேனா, சொல்லலியாடே?"

"எதை?"

"அதத்தான்."

ஒரு சொல் எப்போது சொல்லாகிறது... வாயை விட்டுக் கிளம்பும்போதா, ஒரு காதில் போய் இறங்கும்போதா? சொன்னவனுக்கு அது சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவனுக்கு அப்படி ஒரு வாக்கியமே பிறக்கவில்லை. எனக்கு அன்றும் விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கோதையிடம் சொன்னோம். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் நான் பேசும்போதெல்லாம் எம் வாயவே பாப்பாவளா? நான் வேற மாதிரி நெனச்சேனே..."

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டதாம். இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எனக்கு இங்க பயமா இருக்கு, நீங்க கொஞ்சம் மெல்லப் பேசுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவன் பதில் சொல்லவே இல்லையாம். லைட் வந்ததும் எழுந்து போய்விட்டானாம். அன்றைக்குத்தான் அவள் மனசு விட்டுப்போனது.

"எம்புட்டு சொல்லியிருக்கேன் சித்தப்பா அவியகிட்ட..." என்று என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர், வாயில் ஒரு சிரிப்பு. "எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லணுமே!"

மறுநாளே கிளம்பிவிட்டாள். கொண்டுபோய் விடுகிறேன் என்று திருவேங்கடம் சட்டையை மாட்டினான்.

"வேண்டாம்ப்பா, நானே போய்க்கிடுதேன். நீங்க இருந்தா எனக்குக் கத்த வராது."

இதோடு சுபம் போட்டுவிடலாம். ஆனால் வாழ்க்கை அப்படி முடிவதில்லையே. அவள் சொன்னதைக் குருசாமி நம்பவில்லை. "எனக்கா? செவுடுன்னா சொல்லுத?" என்று கோபப்பட்டிருக்கிறான். உழைக்கிற ஆளைப் பார்த்து உனக்கு ஒரு குறை என்றால் சுலபமாக ஏற்றுக்கொள்வானா? கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தானாம். சத்தமில்லை. எடுத்துப் பார்த்தால் விநாடி முள் ஓடுகிறது. மறுபடி காதில் வைத்தானாம். மறுபடி எடுத்துப் பார்த்தானாம். பிறகு கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். அவள் கிட்டே போய் உட்கார்ந்தாளாம். இதைச் சொல்லும்போது கோதையின் குரல் பழையபடி தாழ்ந்துவிட்டது.

மதுரையில் டாக்டரிடம் காட்டினார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். மெஷின் இல்லாத பகுதிக்கு மாற்றம் கேட்டான். கிடைக்கப் பல மாதம் ஆனது. அதுவரை காதை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தான். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் இரண்டு பேர், யாருக்கும் தெரியாமல் வந்து அந்த டாக்டரின் விலாசம் கேட்டார்களாம்.

ஒரு தடவை கோதையிடம் கேட்டேன். "எல்லாத்தையும் சத்தமாவே பேசிட முடியுமாம்மா? வீட்டுப் பேச்சுன்னு சிலது இருக்கும்ல?"

"லைட்டப் போட்டுக்கிடுவோம் சித்தப்பா," என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. நான் உடனே பஸ் நேரத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

இப்போது யோசிக்கிறேன். சொற்களுக்கு அகராதி இருக்கிறது. குரலுக்கு? அதற்கு வீட்டுக்கு வீடு வேறு அகராதி. ஒரு வீட்டில் சத்தம் என்றால் கோபம். ஒரு வீட்டில் சத்தம் என்றால் "வடை சாப்பிடு". ஒரு வீட்டில் அமைதி என்றால் நிம்மதி. இன்னொன்றில் வக்கீல் நோட்டீஸ்! நம் வீட்டு அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு மனிதரைப் படித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

குருசாமிக்காவது ஒரு காரணம் இருந்தது. மெஷின். கேட்காத காதுக்கு டாக்டர் இருக்கிறார். நன்றாகக் கேட்கிற காதை வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பவர்களை எந்த டாக்டரிடம் காட்டுவது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து என் மனைவி ஏதோ சொன்னாள். வழக்கம்போல "ம்" என்றேன். என்ன சொன்னாள் என்று தெரியாது.

பேனாவை மூடிவிட்டு, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்!